வாடிக்கையாளரே திருத்தும் இணையதளத்தில் தலைப்புகளுக்குத் தனி எழுத்துரு: எதைத் தேர்வது, எப்படிப் பொருத்துவது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்துதரும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். ஒரு பள்ளி, ஒரு ஜவுளிக் கடை, புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லம் ஆகிய மூன்றுக்கும் அவர் வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளில் தளம் அமைக்கிறார். மூவருமே தலைப்புகள் தங்கள் பெயர்ப்பலகையைப் போல அழகான எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தலைப்புகளைத் தாங்களே மாற்றிக்கொள்ளவும் விரும்புகிறார்கள். தலைப்பைப் படமாகச் செய்து வைப்பதா, தனி எழுத்துரு சேர்ப்பதா, சேர்த்தால் அவர்கள் கைபட்ட பிறகும் தளம் சிதையாமல் இருக்க என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

எழுத்துருவையே சேருங்கள், படம் வேண்டாம். தலைப்பு படமாக இருந்தால் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் வாடிக்கையாளர் உங்களைத்தான் தேடி வர வேண்டியிருக்கும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் தேடுபொறியும் படத்துக்கென நீங்கள் தனியே எழுதிவைத்த மாற்று உரையை மட்டுமே அறியும், அந்த மாற்று உரையைப் புதுப்பிக்க எவருக்கும் நினைவிருக்காது. இணையத்தில் எழுத்துரு எளிதில் வேலை செய்யாத காலத்தில் ஃபிளாஷ் மூலம் தலைப்பை வரைந்து காட்டும் முறை ஒன்று இருந்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றதோடு அதுவும் முடிந்துபோயிற்று. இன்று எல்லா உலாவிகளும் இணையத்துக்கெனச் சுருக்கிய வோஃப்2 வடிவ எழுத்துருவைப் படிக்கின்றன. 2018 மார்ச்சில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக ஆன அந்த வடிவம் ஒன்று போதும். முன்போல நான்கைந்து வடிவங்களில் கோப்புகளை ஏற்றத் தேவையில்லை.

படத்துக்கு ஒரே ஓர் இடம் உண்டு, அது பெயர்ப்பலகை. நேரு வீதியிலோ லாரன்ஸ் சாலையிலோ உள்ள ஒரு பழைய கடையின் பலகையை ஓவியர் ஒருவர் கையால் எழுதியிருந்தால், அந்த எழுத்துக்கு எழுத்துரு என்று ஒன்று கிடையாது. அதை, பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி பட வடிவில் வரைந்து, கடைப் பெயரை மாற்று உரையாகக் கொடுத்து, தளத்தின் உச்சியில் வையுங்கள். பெயர் மாறப்போவதில்லை என்பதால் அங்கே படம் பொருந்தும். மற்றத் தலைப்புகள் அனைத்துக்கும் அந்தப் பலகையோடு இணங்கிப் போகும் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயரையும் தலைப்பையும் இப்படிப் பிரித்துக் காட்டினாலே, பலகை போலவே எல்லாம் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர் பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகிறார்.

இனி எழுத்துருவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையில் மற்ற எல்லா முடிவுகளையும் ஆளும் உண்மை ஒன்று உண்டு: தலைப்பை எழுதப்போகிறவர் நீங்கள் அல்லர். நீங்கள் மாதிரிக்கு இட்டு அழகு பார்க்கும் ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ போன்ற தலைப்புகளில் எந்த எழுத்துருவும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு பள்ளி அலுவலகத்தில் ஒருவர் அவசரமாகத் தட்டச்சு செய்யப்போகும் தலைப்பை அந்த எழுத்துரு தாங்குமா என்பதைத்தான் நீங்கள் இப்போதே பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியின் தளம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காகத் தலைப்பு எழுத்துருவை வெட்டிச் சிறிதாக்கினேன். தளத்தில் அப்போது இருந்த தலைப்புகளில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டேன். கோப்பு மிகச் சிறியதாயிற்று, பக்கமும் உடனே திறந்தது, எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. சில மாதங்களுக்குப் பின் பள்ளியில் ‘ஔவையார் விழா’ என்று ஒரு தலைப்பு இட்டார்கள். ‘வையார் விழா’ என்பது நான் தேர்ந்த தடித்த எழுத்தில் நின்றது. முதலில் இருக்கும் ‘ஔ’ மட்டும் கணினியில் இருந்த வேறொரு எழுத்துருவில், மெலிந்து, சற்றுக் கீழிறங்கி, யாரோ பிறகு ஒட்டவைத்ததைப் போல நின்றது. தமிழாசிரியர் தொலைபேசியில் அழைத்து, தாம் ஏதேனும் தவறாக அழுத்திவிட்டோமோ என்று கேட்டார். தவறு என்னுடையதுதான் என்று அவரிடம் சொன்னேன். அன்று மாலையே முழு எழுத்துருவை ஏற்றினேன். அதன்பின் வாடிக்கையாளர் திருத்தும் எந்தத் தளத்திலும் தமிழ் எழுத்துகளை அப்படி வெட்டியதில்லை.

ஆகவே கோப்பைச் சிறிதாக்க விரும்பினால் தேவையற்ற வேற்றுமொழி எழுத்துகளை மட்டும் நீக்குங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 72 தான் நிரம்பியிருக்கின்றன. அவற்றோடு உகர, ஊகார வடிவங்களும் சில கூட்டெழுத்துகளும் சேர்ந்தாலும், சீன எழுத்துருக்களைப் போல இது மெகாபைட் கணக்கில் போகாது. ஒரு கனத்துக்கான, அதாவது எழுத்தின் ஒரு தடிமனுக்கான, தமிழ்க் கோப்பு வோஃப்2 வடிவில் பெரும்பாலும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ரூபாய்க் குறி, எண்கள், நிறுத்தக்குறிகள், கண்ணுக்குத் தெரியாத சேர்ப்புக் குறியும் பிரிப்புக் குறியும் ஆகியவை தங்கியிருப்பதை உறுதி செய்யுங்கள். எழுத்துருவை வெட்டித்தரும் சில கருவிகள் எழுத்துச் சேர்க்கை விதிகளையும் சேர்த்து வெட்டிவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள். அவ்வாறு நேர்ந்தால் ‘கு’, ‘மு’, ‘லூ’ போன்றவை ஓரெழுத்தாகச் சேராமல் மெய்யின் வடிவம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கும்.

எழுத்துருவைத் தேர்வதற்கு முன் அதற்குச் சிறு தேர்வு ஒன்று வையுங்கள். ஸ்ரீ, க்ஷ, ஹௌ, ஞு, ழூ, ணொ, றோ, ஃ, ₹ ஆகியவற்றை ஒரே தலைப்பில் எழுதிப் பாருங்கள். இவற்றில் நம் ஊர்க் கடைகளுக்கு முதன்மையானது ‘ஸ்ரீ’தான். ஸ்ரீ என்று தொடங்காத பெயர்ப்பலகைகள் குறைவு. புதுச்சேரியிலோ ஸ்ரீ அரவிந்தர் பெயரைத் தாங்கிய நிறுவனங்களும் பல. இந்த ஓர் எழுத்தை இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும். ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு அதிலிருந்தும் அதே வடிவம் உருவாகிறது. எந்த விசைப்பலகை எதை எழுதுகிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. சில அலங்கார எழுத்துருக்களில் ஒரு முறை மட்டும் கூட்டெழுத்தாகச் சேரும், மற்றது பிரிந்து நிற்கும். இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் மட்டுமே அந்த எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தோடு கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் எனக்குத் தலைப்புக்கு மிகவும் பயன்பட்டது அனெக் தமிழ். அதில் கனத்தை 100 முதல் 800 வரையிலும், அகலத்தை 75 முதல் 125 விழுக்காடு வரையிலும் ஒரே கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்த் தலைப்புக்கு இந்த அகல வசதி எவ்வளவு பெரிய உதவி என்பது மொபைலில்தான் தெரியும். ‘திருப்பாதிரிப்புலியூரிலிருந்து’ என்ற ஒரு சொல் 360 பிக்சல் அகலத் திரையில் பெரிய எழுத்தில் அடங்காது, வலப்பக்கம் வெளியே ஓடிவிடும். சிறிய திரைகளில் எழுத்தின் அகலத்தை 75 விழுக்காட்டுக்குக் குறைத்து, தளத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ‘கிளாம்ப்’ கொண்டு அளவைத் திரைக்கேற்பச் சுருங்க வைத்து, அதற்கும் அடங்காத சொல் மடங்கும்படி ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ விதியையும் சேர்த்துவிட்டால் வாடிக்கையாளர் எவ்வளவு நீளமாக எழுதினாலும் பக்கம் உடையாது.

காட்டமரான் என்ற எழுத்துருவும் நல்ல தேர்வு. நம் கடற்கரையின் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அந்தப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. அதை உருவாக்கியவர் பிரியா ரவிச்சந்திரன். ஒன்பது கனங்கள் இருப்பதால் முதல்நிலைத் தலைப்புக்கும் மூன்றாம்நிலைத் தலைப்புக்கும் வேறுபாடு காட்ட முடியும். குழந்தைகள் பள்ளிக்கும் இனிப்புக் கடைக்கும் உருண்டு திரண்ட பலூ தம்பி 2 பொருந்தும். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் கையெழுத்துச் சாயல் கொண்டது; விருந்தினர் இல்லத்தின் முகப்பு வரி ஒன்றுக்கு அழகாக இருக்கும், ஆனால் அறிவிப்புகள் நிறைந்த பக்கத்தில் அதைப் படிப்பது களைப்பூட்டும்.

கவிவனார், பவனம், காய்னி போன்றவை ஒரே கனத்தில் மட்டும் கிடைப்பவை. உலாவிகள் தலைப்பு என்றாலே இயல்பாகத் தடித்த எழுத்தைக் கேட்கும். தடித்த வடிவம் கோப்பில் இல்லை என்றால் இருக்கும் எழுத்தையே தாமாக ஊதிப் பெருக்கிக் காட்டும். ‘ண’, ‘ஐ’, ‘இ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு மை கொட்டியதைப் போல ஆவது இதனால்தான். தலைப்பின் கனத்தை 400 என்று வெளிப்படையாகக் குறித்து, ‘ஃபாண்ட்-சிந்தசிஸ்’ என்பதை ‘நன்’ (none, எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் தலைப்புக்குள் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சாய்வெழுத்துப் பொத்தானை அழுத்தும்போது தமிழ் எழுத்து செயற்கையாகச் சாய்வதையும் அந்த விதியே தடுத்துவிடும்.

ஆங்கிலத்துக்காக வடிவமைத்த தீம்களில் (ஆயத்தத் தள வடிவமைப்புகளில்) தலைப்பின் வரி உயரம் 1.1 அல்லது 1.2 என்று இருக்கும். தமிழுக்கு அது போதாது. ‘கீ’யின் மேற்சுழியும் புள்ளியும் மேலே எழும்ப, ‘ழூ’, ‘ஞு’ போன்றவற்றின் வால்கள் கீழே இறங்குகின்றன. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும். 1.4 அளவுக்கு வையுங்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் விதி தீமில் இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

மூன்று வாடிக்கையாளர்களில் விருந்தினர் இல்லத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். புதுச்சேரியில் தெருப் பெயர்ப்பலகையே தமிழிலும் பிரெஞ்சிலும் நிற்கிறது, தளத்தின் தலைப்புகளும் அப்படித்தான் கலந்து வரும். இலவசமாகக் கிடைக்கும் பல அலங்கார ஆங்கில எழுத்துருக்களில் தலையில் கோடிட்ட பிரெஞ்சு எழுத்துகள் கிடையாது. ‘கஃபே’ என்று பிரெஞ்சில் எழுதினால் கடைசி எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் வந்து நிற்கும். இதுவும் ‘ஔ’வுக்கு நேர்ந்த கதைதான். ரோமன் எழுத்துக்குத் தனி எழுத்துரு வைப்பதானால் சிஎஸ்எஸ்ஸில் அதை முதலாவதாகவும் தமிழ் எழுத்துருவை இரண்டாவதாகவும் எழுதுங்கள். அவ்வாறு எழுதினால் எண்களும் நிறுத்தக்குறிகளும் முதல் எழுத்துருவிலிருந்தே வரும் என்பதை நினைவில் வைத்து, ‘₹1,500 முதல் அறைகள்’ போன்ற ஒரு தலைப்பை எழுதி, எண்ணும் எழுத்தும் ஒத்த உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ விதியால் ஒன்றைச் சற்றுக் குறைக்கலாம். பெரும்பாலும் தமிழும் ரோமனும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்ட ஒரே எழுத்துருவைப் பயன்படுத்திவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

எழுத்துருக் கோப்பை கூகுளின் வழங்கியிலிருந்து (சர்வர்) அழைக்காமல் வாடிக்கையாளரின் தளத்திலேயே வையுங்கள். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம், கூகுள் ஃபாண்ட்ஸை நேரடியாக அழைத்ததன் மூலம் பார்வையாளரின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை அனுமதியின்றிக் கூகுளுக்கு அனுப்பியதாக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய விருந்தினர்களை எதிர்பார்க்கும் ஒரு விடுதிக்கு இந்தச் சிக்கல் எதற்கு? வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய எழுத்துரு நம் தளத்துக்கும் உதவும் என்ற பழைய நன்மையும் இப்போது இல்லை. 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் உலாவியின் தற்காலிகச் சேமிப்பு தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. கோப்பை முன்னதாகவே இறக்கும்படி ‘பிரீலோட்’ கொடுக்கும்போது ‘கிராஸ்ஆரிஜின்’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்; சொந்தத் தளத்துக் கோப்பாக இருந்தாலும் அது இல்லையேல் உலாவி அதே கோப்பை இரண்டு முறை இறக்கும். ‘ஃபாண்ட்-டிஸ்ப்ளே’ என்பதை ‘ஸ்வாப்’ என்று வைத்தால், எழுத்துரு வந்து சேரும் வரை கைபேசியில் இருக்கும் எழுத்துருவிலேயே தலைப்பு தெரியும், வெற்றிடமாக இருக்காது.

அடுத்து வாடிக்கையாளரின் கை. அவருக்கு எழுத்துருப் பட்டியல் எதையும் காட்டாதீர்கள். வேர்ட்பிரஸில் தீமின் அமைப்புகளைக் கொண்ட தீம்.ஜேசன் கோப்பின் வழியாகத் தலைப்புக்கு ஓர் எழுத்துருவும் உரைக்கு ஓர் எழுத்துருவும் மட்டும் பதிவு செய்து, விருப்பம்போல் அளவு கொடுக்கும் வசதியையும் நிறங்களைத் தாமே கலக்கும் வசதியையும் அங்கேயே அணைத்துவிடலாம். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பு முதல் எழுத்துரு நூலகம் என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது. நிர்வாகி உரிமை உள்ளவர் அதன் வழியே எந்த எழுத்துருவையும் ஏற்றிவிட முடியும். ஆகவே அன்றாடம் எழுதுபவருக்கு எடிட்டர் நிலை உரிமை மட்டும் கொடுங்கள். உரிமையாளருக்கென ஒரு நிர்வாகிக் கணக்கு தனியே இருக்கட்டும். அது அவருடைய சொத்து, அதை நாம் மறுக்கக் கூடாது.

எழுதும் திரையிலும் தலைப்பு அதே எழுத்துருவில் தெரிய வேண்டும் என்பதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். எழுதும் இடத்தில் ஒரு தோற்றமும் வெளியில் வேறொரு தோற்றமும் இருந்தால், வாடிக்கையாளர் தலைப்பு சரியாக வரவில்லை என்று நினைத்துச் சாதாரணப் பத்தியைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கித் தலைப்பைப் போலச் செய்துவிடுவார். பார்வைக்கு அது தலைப்பு, தேடுபொறிக்கு அது வெறும் பத்தி. பிளாக் எடிட்டரில் தீம்.ஜேசன் வழியாகச் சேர்த்த எழுத்துரு எழுதும் திரைக்கும் தானாக வந்துவிடும். பழைய தீம் என்றால் எடிட்டருக்கெனத் தனி ஸ்டைல் கோப்பு சேர்க்க வேண்டும்.

ஒட்டும்போது வரும் சிக்கல்கள் தமிழுக்கே உரியவை. கடலூரிலும் புதுச்சேரியிலும் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அழைப்பிதழும் நோட்டீசும் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துத் தளத்தில் ஒட்டினால், ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும்; ஏனெனில் உள்ளே இருப்பவை உண்மையில் அவைதாம். அப்போது ‘தலைப்புக்குப் பாமினி எழுத்துருவையே போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்’ என்று வாடிக்கையாளர் கேட்பார். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். திரையில் சரியாகத் தெரிந்தாலும் தேடுபவர் எவருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காது, வாசிப்பு மென்பொருள் அதை உளறலாகவே படிக்கும், எழுத்துரு இறங்காத ஒரு நொடியிலும் பக்கம் முழுவதும் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் ஒருங்குறிக்கு மாற்றி ஒட்டும் முறையை ஒரு முறை செய்து காட்டினால் அவர்களே பழகிக்கொள்வார்கள்.

பிடிஎஃப் அழைப்பிதழிலிருந்து எடுத்து ஒட்டும்போது வேறு விதமான சிதைவு நேரும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது எழுத்துக்கு முன்பாகவே, நகலாகிவிடும். ஒருங்குறியில் அவை எழுத்துக்குப் பின்னால் வர வேண்டியவை. விளைவாகத் தலைப்பில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று கொம்போடு ஒட்டி நிற்கும். இதைப் பார்த்து எழுத்துருவை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பிழை உரையில் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கையால் மறுபடி தட்டச்சு செய்வதே தீர்வு. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து எழுதுவதும் இப்படித்தான்: சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது.

உரிமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எழுத்துருக்கள் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. வணிகத் தளத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், உரிமக் கோப்பை எழுத்துருவோடு சேர்த்து வைத்தால் போதும். விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவானால், கணினியில் வடிவமைப்பதற்காக வாங்கிய உரிமம் இணையதளத்தில் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் செல்லாது. இணைய உரிமம் தனி, சில வேளைகளில் அது பார்வைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது. பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடையிலிருந்து வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுக்கும் எழுத்துருவை, அதன் மூலம் தெரியாமல் ஏற்றாதீர்கள். வாங்கினால் வாடிக்கையாளரின் பெயரிலேயே வாங்குங்கள். நாளை அவர் வேறொருவரிடம் தளத்தைக் கொடுக்கும்போது தலைப்புகள் அநாதையாகிவிடக் கூடாது.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி அவர்கள் அருகில் உட்காருங்கள். அவர்களுடைய கைபேசியில், அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகையில், வரப்போகும் விழா ஒன்றின் பெயரை அவர்களே தலைப்பாக இடட்டும். அதே பெயரைப் பழைய அழைப்பிதழிலிருந்து எடுத்து ஒட்டியும் பார்க்கட்டும். அந்த அரை மணி நேரத்தில் தெரியவரும் குறைகளை அன்றைக்கே திருத்திவிட்டு, எழுத்துருக் கோப்புகள், உரிமம், எந்தத் தலைப்பு எதற்கு என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.